நிரலாக்கப் பாடக் குறிப்புகளில் கோட் சொற்களைத் தெளிவாக எழுதுவது: முழுமையான வழிகாட்டி

இணையத்தில் நிரலாக்கம் சொல்லித்தரும் எந்தப் பாடத்தை எடுத்தாலும் அதில் இரண்டு வகை எழுத்து கலந்தே இருக்கும். ஒன்று, மாணவரிடம் நாம் பேசுவது. இன்னொன்று, ஒரு புள்ளிகூடப் பிசகாமல் அவர் தட்டச்சு செய்ய வேண்டியது. வகுப்பறையில் ஆசிரியர் பலகையைத் தொட்டுக்காட்டி, "இதை மட்டும் அப்படியே எழுதுங்க" என்று சொல்லிவிடலாம். இணையப் பாடத்தில் தொட்டுக்காட்ட விரல் இல்லை. எழுத்தின் தோற்றம்தான் அந்த வேலையைச் செய்தாக வேண்டும்.

இந்த வரியைப் பாருங்கள்:

> செய்தி என்று ஒரு வேரியபிள் உருவாக்கி அதில் வணக்கம் என்று வைத்து பிரிண்ட் செய்யவும்.

நிரல் எழுதிப் பழகியவர் இதை ஒரு தடவை படித்தாலே போதும். முதல் முறை படிப்பவருக்கோ வரிசையாகச் சந்தேகம் வரும். வேரியபிளின் பெயரே ‘செய்தி’தானா, இல்லை அது சும்மா விளக்கத்துக்குச் சொன்னதா? வணக்கத்தைச் சுற்றி மேற்கோள் குறி போட வேண்டுமா? பிரிண்ட் என்பது கட்டளையா? அடைப்புக்குறி உண்டா, இல்லையா? அதே வரியை இப்படி எழுதலாம்:

> `செய்தி` என்ற வேரியபிளை உருவாக்குங்கள். அதற்கு `"வணக்கம்"` என்ற மதிப்பைக் கொடுங்கள். அப்புறம் `பிரிண்ட்()` ஃபங்ஷனைக் கொண்டு அதைத் திரையில் காட்டுங்கள்.

சந்தேகங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. மாணவர் தன் மூளையை நிரலைப் புரிந்துகொள்ளச் செலவிடலாம்; நம் வாக்கியத்தைப் புரிந்துகொள்ள அல்ல.

தொடங்கும் முன் ஒரு சிறு குறிப்பு. இந்தக் கட்டுரை முழுவதும் தமிழ் எழுத்தில் இருப்பதால் நிரல்மொழிச் சொற்களையும் ஒலிப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். உங்கள் பாடத்தில் அவை கணினி ஏற்கும் எழுத்தில் அப்படியே இருக்க வேண்டும்.

## படி 1: எது கோட், எது பேச்சு என்று பிரியுங்கள்

வடிவமைப்பைத் தொடுவதற்கு முன், எழுதி வைத்திருக்கும் பாடத்தை ஒரு பென்சிலோடு படியுங்கள். ஒவ்வொரு சொல்லிலும் ஒரே ஒரு கேள்வி: இதில் ஓர் எழுத்தை மாற்றினால் நிரல் ஓடாமல் போகுமா, அல்லது வேறு விடை தருமா? ஆமாம் என்றால் அது கோட். இல்லை என்றால் பேச்சு.

இந்தச் சோதனையில் வேரியபிள், ஃபங்ஷன், கிளாஸ் பெயர்கள் எல்லாம் கோட் பக்கம் வந்துவிடும். மொழியின் சொந்தச் சொற்கள், `==` போன்ற குறிகள், எண் மதிப்புகள், மேற்கோளுக்குள் இருக்கும் சரங்கள் (ஸ்ட்ரிங்), ஃபைல் பெயர்கள், ஃபோல்டர் பாதைகள், டெர்மினலில் (கட்டளைகளை எழுத்தாகத் தட்டும் திரை) தட்டும் கட்டளைகள், இணையப் பக்கத்தைக் கட்டும் எச்டிஎம்எல் டேக்குகள், அதன் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் பண்புகள் ஆகியவையும் அப்படித்தான். பைதான், ஜாவாஸ்கிரிப்ட், லினக்ஸ் போன்ற பெயர்கள் பேச்சுப் பக்கம். கோட்டைப் பிரித்துக் காட்டப் பக்கத்தில் வரும் சாம்பல் கட்டத்துக்குள் அவற்றைப் போட வேண்டியதில்லை.

சிக்கல் நடுவில்தான். ஒரே சொல் இரண்டு பக்கமும் நிற்கும். ‘பைதான் ஒரு நிரல்மொழி’ என்னும்போது அது பேச்சு. டெர்மினலில் `பைதான்` என்று தட்டச் சொல்லும்போது கோட். ‘ஃபார் லூப் என்றால் திரும்பத் திரும்பச் செய்வது’ என்பது கருத்து. ‘வரியின் தொடக்கத்தில் `ஃபார்` எழுதுங்கள்’ என்பது கோட். ‘நிபந்தனை உண்மையாக இருந்தால்’ என்பது பேச்சு. ‘ஃபங்ஷன் `ட்ரூ` மதிப்பைத் திருப்பித் தர வேண்டும்’ என்பது கோட். இதில் கடைசி எடுத்துக்காட்டு மிக முக்கியம். பைதானில் `ட்ரூ` பெரிய எழுத்தில் தொடங்கும், ஜாவாஸ்கிரிப்டில் சின்ன எழுத்தில். பேச்சாக எழுதிவிட்டால் அந்த வேறுபாடு மாணவர் கண்ணில் படாது.

பிரித்த பிறகு அந்த முடிவைப் பாடம் முழுக்கக் கடைப்பிடியுங்கள். ஒரு வேரியபிளின் பெயரை முதல் பத்தியில் கோட் வடிவத்திலும் அடுத்த பத்தியில் சாதாரண எழுத்திலும் எழுதினால், இரண்டும் ஒன்றுதானா என்று மாணவர் யோசிப்பார். அப்படி எழுதினால் பக்கம் முழுக்கச் சாம்பல் கட்டமாகத் தெரிகிறதே என்று சிலர் சொல்வார்கள். அப்போது குறைக்க வேண்டியது வடிவத்தை அல்ல. அந்தப் பெயரைச் சொல்லும் தடவைகளை. ஒரே பத்தியில் ஆறு முறை ஒரு ஃபங்ஷனின் பெயர் வருகிறது என்றால் அந்தப் பத்தியைத்தான் திருத்தி எழுத வேண்டும்.

## படி 2: வரிக்குள் வரும் கோட்டுக்குப் பேக்டிக்

பெரும்பாலான பாடத் தளங்கள் மார்க்டவுன் முறையில்தான் பாடத்தை வாங்குகின்றன. ஜான் க்ரூபர் 2004இல் வெளியிட்ட இந்த முறையில், சொல்லின் இரு பக்கமும் பேக்டிக் குறி போட்டால் அது கோட் ஆகிவிடும். ஆங்கில விசைப்பலகைகள் பலவற்றில் அந்தக் குறி 1 என்ற விசைக்கு இடப்பக்கம் இருக்கும். ஒற்றை மேற்கோள் குறியும் இதுவும் வேறு வேறு. புதிதாகப் பாடம் எழுதுபவர்கள் ஒற்றை மேற்கோளைப் போட்டுவிட்டு, ஏன் கட்டம் வரவில்லை என்று தேடுவதுண்டு.

கோட்டுக்குள்ளேயே பேக்டிக் வந்தால் என்ன செய்வது? பேக்டிக்குக்குள் எழுதப்படும் ஜாவாஸ்கிரிப்டின் டெம்ப்ளேட் சரங்களைச் சொல்லித்தரும்போது இது கட்டாயம் வரும். வெளியே இரண்டிரண்டு பேக்டிக் போட்டு, உள்ளே ஒரு ஸ்பேஸ் விட்டு எழுதுங்கள். அந்த ஸ்பேஸ் பக்கத்தில் தெரியாது. பின்சாய்கோடு போட்டுத் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பேக்டிக்குக்குள் பின்சாய்கோடு வெறும் பின்சாய்கோடாகவே நிற்கும்.

நேரடியாக எச்டிஎம்எல்லில் எழுதுபவர்களுக்கு `<கோட்>` டேக் இருக்கிறது. அங்கே ஒரு கூடுதல் கவனம் வேண்டும். கோட்டில் வரும் `<` குறியை `&எல்டி;` என்று மாற்றி எழுத வேண்டும். இல்லையென்றால் பிரவுசர் அதை ஒரு டேக்காக எடுத்துக்கொள்ளும். மார்க்டவுனின் பேக்டிக்குக்குள் இந்த மாற்றம் வேண்டாம். போட்டால் அந்த மாற்றுக்குறியே அப்படியே பக்கத்தில் தெரியும்.

## படி 3: வேற்றுமை உருபைக் கோட்டில் ஒட்டாதீர்கள்

தமிழில் பாடம் எழுதும்போது மிகப் பெரிய சிக்கல் இதுதான். நம் மொழியில் பெயர்ச்சொல் தனியாக நிற்பது அரிது. ஐ, ஆல், கு, இல், இன் என்று ஏதாவது ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டும்போது சொல்லும் உருமாறும்: செய்தி ‘செய்தியை’ ஆகும், மரம் ‘மரத்தில்’ ஆகும். பேச்சில் இதுதான் அழகு. கோட்டில் இது பிழை.

‘`செய்தியை` பிரிண்ட் செய்யுங்கள்’ என்று உருபையும் கட்டத்துக்குள் வைத்தால், மாணவர் அதையே வேரியபிள் பெயராகத் தட்டுவார். கணினி அப்படி ஒரு பெயரே இல்லை என்று சொல்லும். அவர் மீது தவறில்லை. கட்டத்துக்குள் இருப்பதை அப்படியே எழுது என்று நாம்தான் பழக்கியிருக்கிறோம்.

சரி, உருபை வெளியே ஒட்டினால்? ‘`பிரிண்ட்()`ஐ அழையுங்கள்’, ‘`எண்கள்`இல் தேடுங்கள்’. கணினிக்கு ஆபத்தில்லை, ஆனால் கண்ணுக்குத் தடுக்கும். ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் முடிந்த இடத்தில் ஒற்றை ‘ஐ’ தொங்கும். சில தளங்களில், சின்னத் திரையில் வரி மடங்கும்போது அந்த ‘ஐ’ மட்டும் அடுத்த வரிக்குப் போய்விடலாம். நடுவில் சிறுகோடு போட்டு எழுதுபவர்களும் உண்டு. அங்கே அந்தச் சிறுகோடு கழித்தல் குறியோ என்ற ஐயம் வேறு.

வழி எளிது. கோட்டுக்குப் பின்னால் அது என்ன வகை என்று சொல்லும் ஒரு பெயரை வையுங்கள். உருபு அந்தப் பெயரில் ஒட்டட்டும்.

- ‘`செய்தி`யை மாற்றுங்கள்’ என்பதற்குப் பதில் ‘`செய்தி` வேரியபிளின் மதிப்பை மாற்றுங்கள்’.
- ‘`பாணி.சிஎஸ்எஸ்`இல் சேருங்கள்’ என்பதற்குப் பதில் ‘`பாணி.சிஎஸ்எஸ்` ஃபைலில் சேருங்கள்’.
- ‘இரண்டு `<பி>`க்கள் எழுதுங்கள்’ என்பதற்குப் பதில் ‘இரண்டு `<பி>` டேக்குகள் எழுதுங்கள்’.
- ‘பட்டியலில் `அப்பெண்ட்` பண்ணுங்கள்’ என்பதற்குப் பதில் ‘`அப்பெண்ட்()` மெத்தடை அழைத்துப் பட்டியலில் சேருங்கள்’.

பாதி வாக்கியங்களில் இப்படி ஒரு சொல் கூடும், கூடட்டும். அந்தச் சொல் சும்மா வரவில்லை. எது வேரியபிள், எது ஃபங்ஷன், எது ஃபைல் என்று ஒவ்வொரு முறையும் மாணவருக்கு நினைவூட்டுகிறது. கூகுள் தன் மென்பொருள் ஆவணங்களுக்கென வெளியிட்டிருக்கும் எழுத்துநடைக் கையேடும் இதைத்தான் சொல்கிறது: கோட் பெயரைப் பன்மையாக்காதே, வினையாக்காதே, அதன் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லைப் போடு. ஆங்கிலத்துக்கே இது தேவைப்படுகிறது என்றால் உருபுகள் நிறைந்த தமிழுக்கு எவ்வளவு தேவை என்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் முறை அறிமுகப்படுத்தும்போது ‘என்ற’ சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘`மொத்தம்` என்ற வேரியபிள்’. அடுத்த முறையிலிருந்து ‘`மொத்தம்` வேரியபிள்’ போதும். வல்லின ஒற்று வந்தால் அது பின்னால் வரும் பெயரில்தான் வரும் (‘ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள்’). கோட்டின் வாலில் ஒற்று சேர்க்கவே கூடாது.

வாக்கிய அமைப்பிலும் ஒரு கவனம் தேவை. தமிழில் வினை கடைசியில் வரும். ஒரே வாக்கியத்தில் நாலு கோட் சொற்களை அடுக்கிவிட்டுக் கடைசியில் ‘மாற்றவும்’ என்றால், எதை எதுவாக மாற்றுவது என்று மாணவர் திரும்பிப் போய்ப் படிக்க வேண்டும். ஒரு வாக்கியத்தில் ஒரு செயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றச் சொல்லும் இடங்களில் ‘இப்போது இருப்பது’, ‘வர வேண்டியது’ என்று தனித்தனி வரியில் காட்டினால் திசை குழம்பாது.

## படி 4: அடைப்புக்குறி, மேற்கோள், முற்றுப்புள்ளி

ஃபங்ஷன் பெயரை எழுதும்போது பின்னால் வெற்று அடைப்புக்குறி சேர்ப்பது நல்ல வழக்கம். `லென்()` என்று பார்த்ததும் இது அழைக்க வேண்டிய ஒன்று என்று தெரிந்துவிடும். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ஃபங்ஷனை அழைக்காமல், அதன் பெயரை மட்டும் இன்னொரு ஃபங்ஷனிடம் கொடுக்கச் சொல்லும் இடம். ஜாவாஸ்கிரிப்டில் பட்டனை அழுத்தினால் ஓட வேண்டிய ஃபங்ஷனைப் பதிவு செய்யும்போது அடைப்புக்குறி போட்டால் அது அப்போதே ஓடிவிடும். அங்கே குறிப்பிலும் அடைப்புக்குறி இல்லாமல் எழுதி, ஏன் இல்லை என்று ஒரு வரி சொல்லுங்கள்.

சரத்தின் மதிப்பைச் சொல்லும்போது அதன் மேற்கோள் குறிகளைப் பேக்டிக்குக்குள் வையுங்கள்: `"சிவப்பு"`. மேற்கோள் குறி வெளியே இருந்தால் அது நம் பேச்சின் குறியா, நிரலின் குறியா என்று தெரியாது. எண்ணுக்கும் இது பொருந்தும். `5` வேறு, `"5"` வேறு. இந்த ஒரு வேறுபாட்டை விளக்கத்தான் ஒரு முழுப் பாடமே தேவைப்படுகிறது. அந்தப் பாடத்திலேயே மேற்கோளை அலட்சியமாக எழுதினால் மாணவர் எதைப் பிடித்துக்கொள்வார்?

வாக்கியத்தின் முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் எப்போதும் கட்டத்துக்கு வெளியே. தானாகத் திருத்தும் பயிற்சிகளில் இது இன்னும் கறாராக வேண்டும். மாணவர் எழுதிய சரத்தை எதிர்பார்த்த சரத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் திருத்தி, ஒரு புள்ளி கூடினாலும் தவறு என்றே சொல்லும். சரத்தின் முடிவில் உண்மையிலேயே புள்ளி இருக்கிறதென்றால், வாக்கியம் அதிலேயே முடியாதபடி திருப்பி எழுதுங்கள்.

ஸ்பேஸ்தான் எல்லாவற்றிலும் வில்லங்கமானது. கண்ணுக்குத் தெரியாது. அடுத்தடுத்து வரும் பல ஸ்பேஸ்களைப் பிரவுசர் வரிக்குள் ஒன்றாகச் சுருக்கிவிடும். ஆகவே ஸ்பேஸ் முக்கியம் என்றால் சொல்லால் சொல்லுங்கள்: ‘`"பெயர்: "` என்ற சரத்தில் முக்காற்புள்ளிக்குப் பின் ஒரு ஸ்பேஸ் இருக்கிறது’.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டையும் அப்படியே சொல்லால் எடுத்துக்காட்டலாம். ஜாவாஸ்கிரிப்டின் `கெட்எலிமென்ட்பைஐடி()` மெத்தடில் கடைசி இரண்டு எழுத்துகளில் முதலாவது பெரியது, இரண்டாவது சின்னது. இரண்டையும் பெரிதாக எழுதினால் அப்படி ஒரு மெத்தடே கிடையாது. கோட் வடிவத்தில் சரியாக எழுதியிருந்தாலும் கண் அதைத் தாண்டிப் போய்விடும். இந்த மாதிரி இடங்களில் ஒரு வரி எச்சரிக்கை மாணவருக்கு நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

## படி 5: ஒரு வரியைத் தாண்டினால் தனிக் கட்டம்

ஒரு வாக்கியத்துக்குள் அடங்காத எந்தக் கோட்டையும் தனிக் கட்டமாக எடுத்துவிடுங்கள். மார்க்டவுனில் மேலும் கீழும் மூன்று பேக்டிக் கொண்ட வரி. மேல் வரியில் பேக்டிக்குக்குப் பின்னால் மொழியின் பெயரை எழுதினால், பெரும்பாலான தளங்கள் அந்த மொழிக்கேற்ப வண்ணம் தீட்டிக் காட்டும். கட்டத்துக்குள்ளேயே மூன்று பேக்டிக்கைக் காட்ட வேண்டியிருந்தால் வெளியே நான்காகப் போடலாம். எச்டிஎம்எல்லில் `<ப்ரீ>` டேக்குக்குள் `<கோட்>` டேக். `<கோட்>` மட்டும் போட்டால் வரி முறிவுகள் காணாமல் போகும்.

எண்ணிட்ட படிகளுக்கு நடுவே கட்டம் வந்தால், அந்தப் படியின் எழுத்து தொடங்கும் இடத்துக்கு நேராகக் கட்டத்தையும் உள்தள்ள வேண்டும். இல்லையென்றால் பட்டியல் அங்கேயே அறுந்துவிடும். ‘படி 3ஐப் பாருங்கள்’ என்று கீழே எழுதியிருப்பீர்கள். பக்கத்தில் படி 3 என்று எதுவுமே இல்லாமல் போகலாம்.

பைதானின் எழுத்துநடை ஆவணமான பெப் 8, ஒரு வரியில் 79 எழுத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. கைபேசியில் படிப்பவர்களுக்கு அதுவே அதிகம். பாடத்துக்கான மாதிரிகளை இன்னும் குறுகலாக எழுதலாம் என்பது என் கருத்து. பக்கவாட்டில் நகர்த்தி நகர்த்தி யாரும் நிரல் கற்பதில்லை.

கட்டத்துக்கு முன்னால் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: இதை எந்த ஃபைலில், எந்த வரிக்குக் கீழே எழுத வேண்டும், அல்லது இது படிப்பதற்கு மட்டும்தானா? வெறுமனே கட்டத்தைப் போட்டுவிட்டால் மாணவர்களில் பலர் அதையும் தங்கள் நிரலில் ஒட்டிவிடுவார்கள். விட்டுப்போன பகுதியைக் காட்ட மூன்று புள்ளி போடுவதைவிட, அந்த மொழியின் குறிப்பு வரியாக ‘இங்கே முன்பு எழுதிய வரிகள்’ என்று எழுதுங்கள். பைதானில் மூன்று புள்ளி சரியான கோட். பிழை காட்டாமல் ஓடிவிடும், மாணவருக்கு எதுவும் புரியாது.

கோட்டைப் படமாக எடுத்துப் போடாதீர்கள். நகலெடுக்க முடியாது, தேட முடியாது, பெரிதாக்கினால் மங்கும்.

## படி 6: உள்ளீடு, வெளியீடு, மாணவர் நிரப்ப வேண்டியது

டெர்மினல் பாடங்களில் `$` குறியோ, பைதானின் `>>>` குறியோ வரியின் தொடக்கத்தில் நிற்கும். அது கணினி காட்டுவது, மாணவர் தட்டுவது அல்ல. நகலெடுக்க வேண்டிய கட்டத்தில் அவற்றை எடுத்துவிடுங்கள். கட்டளைக்கு ஒரு கட்டம், அதன் கீழ் ‘இப்படி வரும்’ என்று சொல்லி வெளியீட்டுக்கு இன்னொரு கட்டம். எச்டிஎம்எல்லில் வெளியீட்டுக்கென்றே `<சாம்ப்>` டேக் உண்டு. அது இல்லாத இடத்தில் அந்த ஒரு வரி அறிமுகமே போதும்.

மாணவர் தன் விவரத்தை நிரப்ப வேண்டிய இடங்கள் தனிக் கவனம் கேட்பவை. கோண அடைப்புக்குறிக்குள் ‘உங்கள் பெயர்’ என்று எழுதுவது பரவலான பழக்கம். எச்டிஎம்எல் பாடத்தில் அதுவே ஒரு டேக்காகத் தெரியும். டெர்மினலில் கோண அடைப்புக்குறிக்கு வேறு வேலை உண்டு. `உங்கள்_பெயர்` என்று அடிக்கோடு போட்டு எழுதி, கட்டத்துக்குக் கீழேயே ‘`உங்கள்_பெயர்` இருக்கும் இடத்தில் உங்கள் பயனர் பெயரை எழுதுங்கள், மற்றவற்றை அப்படியே விடுங்கள்’ என்று சொல்வதே பாதுகாப்பு. மேற்கோள் குறி தங்க வேண்டுமா, போக வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்.

## படி 7: பட்டனும் விசையும் கோட் அல்ல

‘சேமி’ பட்டனை அழுத்தச் சொல்கிறீர்கள் என்றால் அதைத் தடித்த எழுத்தில் காட்டுங்கள்: **சேமி**. விசைகளுக்கு எச்டிஎம்எல்லில் `<கேபிடி>` டேக் இருக்கிறது. மார்க்டவுன் மட்டும் கிடைத்தால் விசைகளுக்கும் தடித்த எழுத்தே போதும். சாய்வெழுத்தைப் புதுச் சொல் அறிமுகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் சாய்வு சரியாகத் தெரிவதில்லை, அதனால் அதன் மேல் அதிகப் பொறுப்பைச் சுமத்தாதீர்கள். கோட்டை வலியுறுத்துவதற்காகக் கட்டத்தோடு தடிப்பையும் சேர்ப்பது தேவையற்றது.

## படி 8: தளமே கோட்டைத் தின்றுவிடும் இடங்கள்

கோட் வடிவம் போட மறந்தால் அழகு மட்டும் குறைவதில்லை; கோட்டே மாறிவிடும்.

பைதானின் `__இனிட்__` மெத்தடைப் பேக்டிக் இல்லாமல் எழுதினால், இருபக்கமும் உள்ள இரட்டை அடிக்கோடுகளை மார்க்டவுன் தடித்த எழுத்துக்கான குறியாக எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் அடிக்கோடுகள் மறைந்து பெயர் மட்டும் தடிப்பாக நிற்கும். மாணவர் அடிக்கோடு இல்லாமல் எழுதுவார், நிரல் வேலை செய்யாது, பிழைச் செய்தியும் நேரடியாக எதையும் சொல்லாது. `2*3*4` என்பதில் நட்சத்திரங்கள் காணாமல் போய் நடு எண் சாய்ந்துவிடும். `<டிவ்>` டேக்கைப் பேக்டிக் இல்லாமல் எழுதினால் அது பக்கத்திலேயே தெரியாது. ‘ஒரு டேக்கைச் சேருங்கள்’ என்று மட்டும் மீதமிருக்கும்.

வேர்ட் போன்ற எழுதிகளில் பாடத்தைத் தயாரிப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து. அவை நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாகத் தாமே மாற்றிவிடும். அதை நகலெடுத்து ஓட்டினால் பைதான் செல்லாத எழுத்து என்று நிறுத்திவிடும். இரண்டு சிறுகோடுகள் ஒரு நீண்ட கோடாக ஒட்டிக்கொள்வதும் இப்படித்தான்; `--வெர்ஷன்` போன்ற கட்டளைத் தேர்வுகள் அதில் பாழாகும். இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்த கோட்டில், அந்த இடத்தில் வரி மடங்காமல் தடுக்கும் முறியா இடைவெளி ஒளிந்திருக்கலாம். பார்க்க ஸ்பேஸ் போலவே இருக்கும், பைதானில் ஓடாது. அந்த எழுதிகளின் தானியங்கித் திருத்தங்களை அணைத்துவிடுங்கள். இன்னும் நல்லது, கோட்டை நிரல் எழுதியில் எழுதி ஓட்டிப் பார்த்து அங்கிருந்தே கொண்டுவருவது.

## படி 9: பக்கத்தின் தோற்றம்

இந்தப் பகுதி தளத்தை வடிவமைப்பவர் கையில் இருக்கும். ஆனால் பாடம் எழுதுபவரும் கேட்டு வாங்க வேண்டியவை இவை.

கோட்டுக்குப் பயன்படும் சம அகல எழுத்துருவுக்கு (எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் இருப்பது) பிரவுசர்கள் வழக்கமாக 13 பிக்சல் அளவு வைக்கின்றன. சாதாரண எழுத்துக்கு 16. அதனால் வரிக்குள் வரும் கோட் பக்கத்துச் சொல்லைவிடச் சின்னதாகத் தெரியும். அளவைச் சமன்படுத்தச் சொல்லுங்கள். பூஜ்ஜியமும் ‘ஓ’ எழுத்தும், 1 என்ற எண்ணும் சின்ன ‘எல்’ எழுத்தும் தெளிவாக வேறுபடும் எழுத்துருவாக இருக்க வேண்டும். ஃபிரா கோட் போன்ற சில எழுத்துருக்கள் `!=` போன்ற இரட்டைக் குறிகளை இணைத்து ஒரே குறியாக வரைந்து காட்டும். அனுபவசாலிகளுக்கு அது பிடிக்கலாம். புதியவரோ அந்தக் குறியை விசைப்பலகையில் தேடுவார். பாடப் பக்கங்களில் அந்த இணைப்பை அணைத்துவிட வேண்டும்.

சம அகல எழுத்துருக்கள் பலவற்றில் தமிழ் எழுத்தே இருக்காது. பிரவுசர் வேறொரு எழுத்துருவிலிருந்து தமிழை எடுத்துப் போடும், அகலம் பொருந்தாது. எனவே கோட்டுக்குள் தமிழில் குறிப்பு வரி எழுதும்போது, ஒன்றின் கீழ் ஒன்றாக வரிசைப்படுத்திக் காட்டும் எதையும் நம்பாதீர்கள்.

வண்ணத்தை மட்டும் நம்பி எதையும் உணர்த்தக் கூடாது என்பது டபிள்யூசிஏஜி எனப்படும் இணைய அணுகல் நெறிகளில் அடிப்படை விதி. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்கிறது அதன் ஏஏ நிலை. வெளிர் சாம்பலில் வெளிர் ஊதா எழுத்து பார்க்க நன்றாக இருக்கும், படிக்க முடியாது. ‘சிவப்பில் உள்ள வரியை மாற்றுங்கள்’ என்று எழுதாமல் ‘4ஆவது வரியை மாற்றுங்கள்’ என்று எழுதுங்கள்.

திரைவாசிப்பு மென்பொருள்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அவற்றில் பல, இயல்பான அமைப்பில் இது கோட் என்று அறிவிப்பதில்லை. நிறுத்தக்குறிகள் சிலவற்றையும் விட்டுவிட்டுப் படிக்கும். பார்வையற்ற மாணவருக்கு நம் சாம்பல் கட்டம் எதுவும் சொல்வதில்லை. படி 3இல் சொன்ன ‘வேரியபிள்’, ‘ஃபங்ஷன்’, ‘ஃபைல்’ என்ற சொற்கள்தான் அவருக்கு எல்லைக்கோடு.

பக்கத்தை வேறு மொழிக்குத் தானாக மாற்றிப் படிப்பவர்களும் உண்டு. மொழிபெயர்ப்பி கோட்டையும் சேர்த்து மாற்றாமல் இருக்க, எச்டிஎம்எல்லின் `டிரான்ஸ்லேட்` பண்புக்கு `"நோ"` என்ற மதிப்பைக் கோட் டேக்குகளில் கொடுத்து வைக்கலாம்.

## படி 10: வெளியிடும் முன் சோதனை

பாடம் எழுதிய திரையில் அல்ல, மாணவர் பார்க்கப்போகும் முன்னோட்டப் பக்கத்தில் சோதியுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு கோட் கட்டத்தையும் நகலெடுத்து, ஒரு வெற்று ஃபைலில் ஒட்டி ஓட்டுங்கள். வளைந்த மேற்கோள், தொலைந்த உள்தள்ளல், ஒளிந்த இடைவெளி எல்லாம் இதில் அகப்பட்டுவிடும்.

பிறகு பாடத்தில் வரும் ஒவ்வொரு கோட் பெயரையும் மூலத்தில் தேடுங்கள். பேக்டிக் இல்லாமல் எங்காவது நிற்கிறதா? பேக்டிக்குக்கு உள்ளே உருபு புகுந்திருக்கிறதா? கைபேசியில் திறந்து, சிறுகோடு உள்ள பெயர்கள் வரி முடிவில் இரண்டாக உடைகின்றனவா என்று பாருங்கள். உடைந்தால் குறுகிய கோட்டுக்கு வரி மடங்காதபடி சிஎஸ்எஸ்ஸில் அமைக்கச் சொல்லலாம், நீண்டதைத் தனிக் கட்டத்துக்கு மாற்றலாம்.

முடிந்தால், அந்த மொழி தெரியாத ஒருவரிடம் குறிப்பை மட்டும் கொடுத்துத் தட்டச் சொல்லுங்கள். நடுவில் எதுவும் விளக்காதீர்கள். அவர் எங்கே தயங்கி, ‘இதையும் சேர்த்து அடிக்கணுமா?’ என்று கேட்கிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள்.

பாடம் வெளியான பிறகு மாதிரி நிரலில் ஒரு வேரியபிளின் பெயரை மாற்ற நேர்ந்தால் மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும்: மாதிரியில், குறிப்பின் வாக்கியங்களில், தானாகத் திருத்தும் சோதனையிலும் அதன் உதவிச் செய்தியிலும். மூன்றாவது இடம்தான் பெரும்பாலும் விட்டுப்போகும். எனவே தேடலை முதலில் அங்கிருந்தே தொடங்குங்கள்.